டாக்டர் வண்டியும் டர்போ எஞ்சினும்

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறார். நேற்று டீக்கடையில் பிடித்துக்கொண்டு, "டர்போ பெட்ரோல் எடுக்கலாமா, இல்ல சீக்கிரமே செலவு வைக்குமா?" என்று கேட்டார். என் வண்டிக்கு அறுபதாயிரம் கிலோமீட்டரில் டர்போ மாற்றிய கதை எல்லாருக்கும் தெரியும். அதனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்று நினைத்திருப்பார். நான் அப்படிச் சொல்வதில்லை. ஏன் என்று எழுதியே வைத்துவிடுகிறேன், அடுத்து கேட்பவருக்கு லிங்க் அனுப்பிவிடலாம்.

முதலில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற இந்த டர்போ எதற்கு? ஹூண்டாய் வென்யூவையே எடுத்துக்கொள்ளுங்கள், நம்ம இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி. அதில் வந்த சாதாரண 1.2 லிட்டர் எஞ்சின் 83 பிஎஸ் சக்தி தரும். இழுவிசை 114 என்எம், அதுவும் எஞ்சின் 4000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 4000 சுற்று) போனால்தான். அதே வண்டியில் 998 சிசி டர்போ 120 பிஎஸ், 172 என்எம் தருகிறது, அதுவும் 1500 ஆர்பிஎம்மிலிருந்தே. ஏற்காடு ஏறும்போது கியரைக் குறைக்காமல் போகிற சுகம் அங்கிருந்துதான் வருகிறது. சிறிய எஞ்சினாகப் போடுவதற்கு வரியும் ஒரு காரணம். பெட்ரோல் வண்டி 1200 சிசிக்குள், நாலு மீட்டர் நீளத்துக்குள் இருந்தால் ஜிஎஸ்டி குறைவு. நம்மூர்ச் சின்ன டர்போக்கள் 998, 999, 1199 என்று நிற்பதில் அதற்கும் பங்கு உண்டு.

சரி, இந்தச் சக்தி சும்மா வரவில்லை. வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்ன விசிறி சுற்றுகிறது, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு விசிறி காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். புகைப் பக்கம் சூடு 900 டிகிரியைத் தாண்டும். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு பால் பேரிங்கெல்லாம் கிடையாது. மயிரிழை கனத்துக்கு நிற்கிற எஞ்சின் ஆயில் மேல் தண்டு மிதக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆயில் கெட்டால் டர்போ கெட்டது.

என் கதைக்கு வருகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், தப்பு அவர்களுடையது இல்லை. 52,000 ஓடிய வண்டியை "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் ஓட்டுன வண்டி" என்று சொல்லி விற்றார்கள். நம்மூரில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மரியாதை உங்களுக்கே தெரியும். உரசல் இல்லை, சீட் கவர்கூட புதுசு மாதிரி. வாங்கி எட்டாயிரம் ஓட்டினேன். ஒருநாள் மெல்லிய விசில் சத்தம் போய் சைரன் மாதிரி ஊளையிட ஆரம்பித்தது, பின்னால் நீலப் புகை.

சென்னை பாடியில் எனக்குத் தெரிந்த பாய் ஒருவர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். காற்று வருகிற ஹோஸைக் கழற்றிவிட்டு விசிறியின் நடுவில் விரலை வைத்து ஆட்டினார். பல் ஆடுகிற மாதிரி ஆடியது. ஹோஸுக்குள் ஆயில் வழிந்திருந்தது. அப்புறம் டர்போவுக்கு ஆயில் வருகிற மெல்லிய குழாயைக் கழற்றி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, "பாருங்க சார்" என்றார். உள்ளே கரி கட்டி, ஊசி நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை. ஆயில் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கை மூக்குக்கிட்ட கொண்டுபோய் முகர்ந்துவிட்டு என்னிடம் நீட்டினார். பெட்ரோல் வாடை.

பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். ஆயில் மாற்றியதெல்லாம் 10,000, 12,000, கடைசியில் 14,000 கிலோமீட்டர் இடைவெளியில். டாக்டர் எப்படி ஓட்டியிருப்பார் என்று யோசித்தேன்: வீட்டிலிருந்து கிளினிக், கிளினிக்கிலிருந்து ஆஸ்பத்திரி, மதியச் சாப்பாட்டுக்கு வீடு, மறுபடி கிளினிக். ஒவ்வொன்றும் நாலு கிலோமீட்டர் இருக்கும். ஆயில் நன்றாகச் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற எஞ்சினில் கொஞ்சம் பெட்ரோல் சுவரில் வழிந்து ஆயிலில் சேரும். சூடு ஏறினால்தான் அது ஆவியாகிப் போகும். இதில் சூடு எங்கே ஏறியது? பாவம், அவர் மெதுவாகத்தான் ஓட்டியிருப்பார். நானும் யோக்கியன் இல்லை, வாங்கின அன்றைக்கே ஆயிலை மாற்றியிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து நான் கிலோமீட்டரை நம்புவதில்லை. போரூரிலிருந்து கிண்டிக்கு எனக்குப் பத்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். இந்தக் கணக்கில் 10,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் 750 மணி நேரம் ஓடுகிறது. இதே 10,000 திருச்சி ரோட்டில் 75-ல் போனால் 133 மணி நேரம்தான். ஆயிலுக்குத் தெரிவது அது வெந்துகொண்டிருந்த நேரம். மேனுவலின் பின்பக்கம் புரட்டினால் "கடினமான பயன்பாடு" என்று ஒரு பகுதி இருக்கும்: குறைந்த தூரம், நெரிசல், தூசி, வெயில். இதற்கெல்லாம் சீக்கிரம் மாற்றச் சொல்லியிருப்பார்கள். சென்னையில் கார் வைத்திருப்பவர் எல்லாருமே அந்தப் பகுதியில்தான் வருகிறோம். நான் 5,000-க்கு மாற்றுகிறேன், அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ. மேனுவலில் போட்டிருக்கும் கிரேடு மட்டும்தான். டப்பாவில் ஏபிஐ எஸ்பி என்ற தர முத்திரை இருக்க வேண்டும். மூலைக்கடை டிரம்மிலிருந்து 20டபிள்யூ-40 என்ற கெட்டி ஆயிலை ஊற்றிவிட்டு டர்போவைத் திட்டக் கூடாது.

எஸ்பி ஏன் என்றால், சின்ன டர்போக்களுக்கு ஒரு விசித்திர வியாதி உண்டு. ஐந்தாவது கியரில் 1300 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலரேட்டரை அழுத்தி மிதித்தால், பிளக் பொறி வைப்பதற்கு முன்னாலேயே கலவை தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டனே உடையலாம். ஆயிலில் கலக்கிற கால்சியத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று தெரிந்த பிறகு, 2020-ல் வந்த இந்தத் தரத்தில் அதற்கென்றே சோதனை இருக்கிறது. மைலேஜுக்காக மேல் கியரிலேயே உருட்டுகிறவர்கள் கவனிக்க. மிதிப்பதற்கு முன்னால் ஒரு கியர் இறக்குங்கள்.

நிறுத்தும்போது டர்போ சூடு ஆற இரண்டு நிமிடம் ஐடிலிங் விட வேண்டும் என்பார்கள். டவுனுக்குள் அது தேவையில்லை. பைபாஸில் 110-ல் வந்து விக்கிரவாண்டி ஹோட்டலில் சட்டென்று அணைக்கிறீர்களே, அங்கேதான் தேவை. நான் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டிவிடுகிறேன், காபிக்கு லேட்டாகாது.

இந்த அலட்சியம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், டர்போவோடு விற்பனைக்கு வந்த முதல் பெட்ரோல் கார்களில் ஒன்று. 3.5 லிட்டர் வி8, 215 குதிரைத்திறன். கலவை தானாகப் பற்றி எஞ்சின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் அவ்வப்போது ஊற்ற வேண்டும். ஊற்ற மறந்தார்கள். தொட்டி காலியானால் வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், உடனே பிக்கப் இல்லை என்று புகார். கடைசியில் பலர் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார்கள்.

ஆக, தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டம்தான் என்றால் சாதாரண 1.2 எடுங்கள், நிம்மதி. மாதம் இரண்டு தடவையாவது ஊருக்குப் போவேன், ஆயில் செலவுக்கு அழ மாட்டேன் என்றால் தாராளமாக டர்போ எடுங்கள். புது டர்போ போட்ட பிறகு என் வண்டி இப்போது 94,000-ல் இருக்கிறது. ஆயில் குடிப்பதில்லை, விசில்கூட இல்லை.

நண்பரிடமும் இதையெல்லாம் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு வண்டி பார்க்கப் போகிறாராம். சர்வீஸ் பில் எல்லாம் இருக்கா என்று கேட்டேன். வெள்ளைக் கலர், சன்ரூஃப் இருக்கு என்றார்.