காட்ஸில்லா ஃபிகரை வாலில் இருந்து பாருங்கள்

ஜப்பானிய சினிமா ராட்சத மிருகமான காட்ஸில்லாவின் ஆக்‌ஷன் ஃபிகர் (கை காலை அசைத்து நிறுத்தும் பொம்மை) வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை ஜாயின்ட் இருக்கு?" கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி அது. இது எந்த வருடத்துக் காட்ஸில்லா, அந்த வருடத்துப் படத்தில் நடிகர் அணிந்த உடையைப் போலவே இருக்கிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1954இல் தோஹோ நிறுவனத்துக்காக இஷிரோ ஹோண்டா இயக்கிய முதல் படத்திலேயே, கனத்த ரப்பர் உடைக்குள் நின்று நடித்தவர் ஹருவோ நகாஜிமா. அதனால் காட்ஸில்லாவின் உருவம் என்பதே அந்த உடையின் உருவம்தான். உடை மாறும்போது மிருகமும் மாறும். 1954 உடைக்குக் காது உண்டு, காலுக்கு நான்கு விரல். 1962இல் கிங் காங்கோடு மோதியபோது காது போய்விட்டது, விரல் மூன்றானது. 1989 உடையில் தலை சிறிது, பல் இரண்டு வரிசை, கண்ணில் வெள்ளை தெரியாது. 1954, 1989 இரண்டுமே கரி நிறம். பச்சை உடை 1999இல் வந்தது. பெட்டியில் 1954 என்று போட்டு உள்ளே பச்சை உருவம் இருந்தால், செய்தவர் படத்தைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

இனி ஜாயின்ட். ரப்பர் உடையில் கழுத்தும் இடுப்பும் அதிகம் வளையாது. ஃபிகரில் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி வளைய வைத்தால் இடைவெளி தெரியும், தோலின் மடிப்பு ஒரு துண்டிலிருந்து அடுத்ததற்குத் தொடராது. ஃபிகரை நேராக நிறுத்தி, ஒரு கை தூரத்தில் பக்கவாட்டில் பாருங்கள். வெட்டு கண்ணில் பட்டால் சிற்பம் தோற்றுவிட்டது. ஜப்பானிய பொம்மை நிறுவனமான பண்டாயின் எஸ்.எச். மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில் யூஜி சகாய் செதுக்கியவை இந்த இடத்தில் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. ஆனாலும் கை, கால், வால் மட்டும் சுழலும் மலிவான சாஃப்ட் வினைல் (மென்மையான பிளாஸ்டிக்) உருவம் பக்கவாட்டில் அதைவிட அழகாக நிற்பதுண்டு. அலமாரியில் நிறுத்தி வைக்க மட்டும் என்றால் என் ஓட்டு வினைலுக்கே.

வால்தான் உண்மையான பரீட்சை. காட்ஸில்லா இரண்டு காலில் நிற்பதில்லை, வாலையும் சேர்த்து மூன்றில் நிற்கிறது. முதல் இரண்டு மூன்று துண்டுகளைக் கீழ்நோக்கி இறக்கி, அடுத்த துண்டு தரையில் படியும்படி வைக்க வேண்டும். வாலை அந்தரத்தில் தூக்கி வைத்தால் பாரம் முழுக்க இடுப்புக்கும் கணுக்காலுக்கும் போகும். சில மாதத்தில் கணுக்கால் லூஸாகி ஒருநாள் ஷெல்ஃபிலிருந்து விழும். விழுந்தால் முதலில் உடைவது முதுகுத் தட்டின், அதாவது முதுகில் வரிசையாக நிற்கும் கூரான தகட்டின், நுனி.

லூஸான பந்து ஜாயின்ட்டைக் கழற்றி, பந்தின் மேல் ஃபெவிக்விக்கை மெல்லிய படலமாகத் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பிறகே மாட்டுங்கள். ஈரம் இருக்கும்போது மாட்டினால் ஜாயின்ட் நிரந்தரமாக ஒட்டிவிடும். ரொம்ப இறுக்கமாக இருந்தால் முறுக்காதீர்கள். பிளாஸ்டிக் வெளுத்துக் கோடு விழுந்தால் முறியப்போகிறது என்று பொருள், அங்கேயே நிறுத்துங்கள். ஹேர் டிரையரில் அரை நிமிடம் சூடு காட்டி மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். அப்போதும் அசையாவிட்டால் ஒரு சொட்டு சிலிகான் எண்ணெய் போதும். துரு நீக்கும் ஸ்பிரே வேண்டாம், ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் விரிசல் விடக்கூடும்.

பெட்டிக்குள் வளைந்துபோன முதுகுத் தட்டுக்கு வைத்தியம் எளிது. கொதிக்காத வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கி, விரலால் நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நிற்கும். பெயின்ட்டையும் அந்தத் தட்டிலேயே எடை போடலாம். பெரும்பாலான கரி நிற உருவங்களில் விளிம்பில் எலும்பு வெள்ளை, அடிக்குப் போகப் போக உடலின் கருமையில் கரைய வேண்டும். கோடு போட்டது போல வெள்ளை சட்டென்று முடிந்தால் அவசர வேலை.

பிசுபிசுப்பு பிவிசியின் வியாதி. பிளாஸ்டிக்கை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மேற்பரப்புக்குக் கசிவதால் வருகிறது. மூடிய பெட்டியும் வெப்பமும் அதை அதிகமாக்கும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, மென்மையான டூத் பிரஷ், நிழலில் உலர்த்தல் போதும். நெயில் பாலிஷ் ரிமூவர் பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கையும் தின்றுவிடும். நம் ஊர் மே மாதத்தில் பரணிலோ மேற்கு ஜன்னலோரமோ வைக்கவே வைக்காதீர்கள், கணுக்கால் தானாகச் சாய்ந்துவிடும்.

பழைய ஃபிகர் வாங்கும்போது போலி நிறைய வரும். பாதத்திலோ வாலின் அடியிலோ தோஹோவின் பதிப்புரிமை (©) வரி அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். போலியில் அது மங்கியிருக்கும் அல்லது இருக்காது. பல்லும் ஈறும் ஒரே பெயின்ட்டில் கலந்திருக்கும், அச்சின் தையல் கோடு தொடையில் தெரியும். விற்பவர் முன்பக்கப் படம் மட்டும் அனுப்பினால் மூன்று படம் கேளுங்கள்: பக்கவாட்டில் ஒன்று, பாதத்தின் அடி ஒன்று, வாலைக் கழற்றி அதன் பந்து தெரியும்படி ஒன்று. மூன்றாவது படத்துக்கு அவர் தயங்கினால் பணத்தை அனுப்பாதீர்கள்.