"டிரெஸ்ஸிங் டன், அட்வைஸ் கிவன்" போதாது

மண்டபம், பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்களின் கைகால்களைப் பார்த்திருக்கிறீர்களா? விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு பாறை இடுக்கில் கைவிட்டுப் பறிக்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஆறாத கால் புண்ணோடு வந்தால் செவிலியர்களாகிய நாம் நோட்டில் எழுதுவது "டிரெஸ்ஸிங் டன், அட்வைஸ் கிவன்"; கட்டுப் போட்டாச்சு, அறிவுரை சொல்லியாச்சு, அவ்வளவுதான். புண் எவ்வளவு அகலம், போன வாரத்துக்கு இப்போது தேவலையா, மறுபடி உப்புத் தண்ணியில் இறங்கினாரா, ஒன்றும் இருக்காது. ஆளுக்கு ஆள் எழுதுவதும் வேறு வேறு. ஒரு செவிலியாக எனக்கு இது பெரிய ஆதங்கம்.

செவிலியருக்கென்று பொதுவான பதிவுச் சொற்கள் இல்லாமல் இல்லை. 1973-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் நடந்த மாநாட்டிலிருந்து வளர்ந்ததுதான் நாண்டா; நோயாளியின் பிரச்சினைகளைச் செவிலியர் ஒரே பெயரில் குறிக்க உதவும் சொற்பட்டியல். படிக்கிற காலத்தில் கேர் பிளானில், அதாவது நோயாளிக்கான பராமரிப்புத் திட்டத்தில், அதை எழுதாதவர் நம்மில் யார்? வேலைக்கு வந்ததும் விட்டுவிடுகிறோம்.

நம் கடற்கரைக்கு ஒமாஹா என்ற பதிவு முறை இன்னும் நன்றாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். 1970-களில் நெப்ராஸ்காவில், வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் செவிலியர்களிடம் உருவானது. அதிலுள்ள 42 பிரச்சினைகளில் தோலும் உண்டு, வருமானமும் உண்டு, குடியிருப்பும் உண்டு. ஒவ்வொன்றிலும் அவருடைய அறிவு, நடத்தை, நிலை மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அந்தப் பாசிக்காரப் பெண்ணுக்குத் தோல் பிரச்சினையில் அறிவு 4 வரலாம், நடத்தை 2-தான் வரும். புண்ணை நனைக்கக் கூடாதென்று அவருக்கு நன்றாகவே தெரியும். இறங்காவிட்டால் அன்றைக்கு அடுப்பு எரியாது. அதே தாளில் வருமானத்துக்கும் குறைந்த மதிப்பெண் விழும்போது, மறுபடி மறுபடி அட்வைஸ் கொடுத்துப் பயனில்லை என்பது பதிவிலேயே தெரிந்துவிடும்.

ஆய்வுக்கும் இதுதான் அடிப்படை. நம் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வுகளில் எத்தனையோ, வகுப்பெடுப்பதற்கு முன்னும் பின்னும் அறிவை அளப்பதோடு நின்றுவிடுகின்றன. புண் ஆறியதா என்று அளக்க, பல வருடப் பதிவேடுகள் ஒரே சொற்களில் இருக்க வேண்டுமே! மருத்துவப் பதிவுகளுக்கான சர்வதேசச் சொல்தொகுப்பான ஸ்னோமெட் சி.டி.யில் இந்தியா 2014-லேயே உறுப்பினராகிவிட்டது; அதைப் பயன்படுத்த நாம் காசு கட்ட வேண்டியதில்லை. சர்வதேச செவிலியர் கவுன்சிலின் ஐ.சி.என்.பி. என்ற செவிலியப் பதிவுச் சொற்களும் இப்போது அதற்குள் வந்துவிட்டன.

நேரம் எங்கே என்பீர்கள். சரி, நைட் டியூட்டியில் ஒரே சிஸ்டர் தனியாக ஓடுவது எனக்கும் தெரியும். அதனால்தான் 42-ஐயும் கேட்கவில்லை. கடலோர ஆரம்ப சுகாதார நிலையங்களில் கால் புண், கர்ப்பிணிகளின் ரத்தசோகை, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிடுவது, இந்த மூன்றுக்கு மட்டும் தமிழில் ஒரு தாள், பின்னால் குறியீட்டு எண். மற்றதை நம் சொந்த வார்த்தையில் எழுத நாலு வரி இடம் விட்டால் போதும். தாள் தயாரிக்க நான் ரெடி. கூட உட்காரக்கூடிய சிஸ்டர்கள், நர்சிங் ஆசிரியர்கள் சொல்லுங்கள்.