எது இரண்டு மடங்கானது?

"தூங்கும்போது நெற்றியில் மின்பட்டை கட்டினால் ஞாபகசக்தி இரண்டு மடங்காகும், 2006லேயே நிரூபித்துவிட்டார்கள்" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். சரி, அந்த ஆய்வு உண்மைதான். ஜெர்மனியின் லூபெக்கில் 13 பேரிடம் நடந்தது. ஆழ்ந்த தூக்கம் தொடங்கும் நேரத்தில் 0.75 ஹெர்ட்ஸில் மெல்லிய மின்னோட்டம் கொடுத்தார்கள். தூங்கும் முன் மனப்பாடம் செய்த 46 சொல் ஜோடிகளில், இரவு சொன்னதைவிடக் காலையில் கூடுதலாக நினைவுக்கு வந்தவை மின்னோட்டம் இல்லாதபோது சுமார் 2, இருந்தபோது சுமார் 5. உங்கள் 'இரண்டு மடங்கு' இந்த மூன்று ஜோடி வித்தியாசம்தான்! அதே ஆய்வில் விரலசைவு வரிசையை நினைவில் வைக்கும் பயிற்சியில் எந்தக் கூடுதல் பலனும் இல்லை. பின்னால் வந்த சில ஆய்வுகளில் சொல் நினைவிலும் பலன் தெரியவில்லை. அப்புறம், அவர்கள் மூளை அலையைக் கண்காணித்தபடியே மின்னோட்டம் கொடுத்தார்கள்; நாமாகப் பட்டை கட்டிக்கொள்வது அதுவாகாது. வலிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம்.