சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?

கொடைக்கானல். டிசம்பர் மாதம், இரவு 11 மணி. காட்டேஜ் வாட்ச்மேனுக்கு ஃபோன்.

விருந்தாளி: அண்ணா, பார்பிக்யூவில் கரி நிறைய மிச்சம். ரூமுக்குள் எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். பரவாயில்லையா?

வாட்ச்மேன்: கறிதானே, தாராளமாக. காசு கொடுத்தது நீங்கள். கதவு, ஜன்னலைச் சாத்திவிடுங்கள் தம்பி, பூனை வரும்.

விருந்தாளி: சாத்தியாச்சு. கதவுக்கு அடியில் இருந்த இடுக்கில்கூடத் துண்டைச் செருகிவிட்டேன்.

வாட்ச்மேன்: அவ்வளவு ஒல்லிப் பூனை இங்கே கிடையாதே!

விருந்தாளி: இப்போதுதான் கதகதப்பாக இருக்கிறது. குழந்தைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

வாட்ச்மேன்: பாவம், பசித்திருக்கும். எத்தனை துண்டு சாப்பிட்டது?

விருந்தாளி: கரியையா?

வாட்ச்மேன்: ஒரு நிமிஷம். சின்ன 'ர'வா, பெரிய 'ற'வா?

விருந்தாளி: சின்ன 'ர' அண்ணா. அடுப்புக் கரி.

(ஃபோனில் இரண்டுக்கும் ஒரே ஓசைதான். தமிழ் வாத்தியார்கள் மன்னிக்க.)

வாட்ச்மேன்: ஐயோ! குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் வெளியே வாருங்கள். கதவு, ஜன்னல் எல்லாம் திறந்தே கிடக்கட்டும்.

விருந்தாளி: நீங்கள்தானே சாத்தச் சொன்னீர்கள்?

வாட்ச்மேன்: அது பெரிய 'ற'வுக்கு!

(மூச்சு இரைக்க ஓடி வந்து, கனல் அடுப்பை வெளியே தூக்கி வருகிறார்.)

விருந்தாளி: எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை அண்ணா, இப்போதுதான் உள்ளே வைத்தோம். புகையே இல்லையே!

வாட்ச்மேன்: புகை இருந்தால் இருமிக்கொண்டு நீங்களே ஓடி வந்திருப்பீர்கள். இது கரிக் கனலிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்காரவேண்டிய சீட்டில் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்ளும். எழுப்புவது லேசில்லை, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமான பிடி. தலை வலிக்கும், குமட்டும். மலை ஏறி வந்த அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவீர்கள். காலையில் காபியோடு வந்து கதவைத் தட்டுகிறவன் நான், தம்பி.

விருந்தாளி: ஆனால் புகையே...

வாட்ச்மேன்: இல்லை. தெரியும்.

விருந்தாளி: சரி, பால்கனியில் வைத்துவிடலாமா?

வாட்ச்மேன்: அது மரப் பால்கனி.

விருந்தாளி: பின்பக்கம், அந்தச் சருகு மேல்?

வாட்ச்மேன்: தைலமரச் சருகு. பெயரிலேயே தைலம் இருக்கிறது.

விருந்தாளி: குப்பைத் தொட்டி?

வாட்ச்மேன்: பிளாஸ்டிக்.

விருந்தாளி: மேலே எல்லாம் சாம்பலாகிவிட்டதே அண்ணா!

வாட்ச்மேன்: நீறு பூத்த நெருப்பு என்று பள்ளிக்கூடத்தில் படித்தீர்களே, அது இதுதான். பரீட்சைக்கு மட்டும் இல்லை. அடியில் நாளை வரைக்கும் கனன்றுகொண்டிருக்கும். கட்டடத்தை விட்டு 10 அடி தள்ளி, சிமெண்ட் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றிக் கிளற வேண்டும். 'உஸ்' சத்தம் நிற்கிறவரை மறுபடி ஊற்ற வேண்டும்.

விருந்தாளி: இதையெல்லாம் போர்டில் எழுதி மாட்டக்கூடாதா?

வாட்ச்மேன்: போர்டில் ஏது இடம்? 'கேம்ப்ஃபயர் 800, பார்பிக்யூ 1500, ஹீட்டர் 500.' அதற்கே சரியாகப் போயிற்று. சுவர் அகலத்துக்கு டிவி மாட்டினார் ஓனர். அவரிடம் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும், தீயை அணைக்க ஒரு வாளி மணலும் கேட்டேன். வாளி மட்டும் வந்தது. அதிலும் ரோஜாச் செடி நட்டுவிட்டார். நெருப்பை வாடகைக்குக் கொடுக்கத் தெரிகிறது, அணைக்கத்தான் ஏற்பாடு இல்லை. குளிரில் நடுங்குகிறவனிடம் ஹீட்டருக்குத் தனிக்காசு கேட்டால் அவன் கரிச்சட்டியைத்தான் தூக்குவான்.

விருந்தாளி: உண்மையைச் சொன்னால், அந்த 500 ரூபாய்க்காகத்தான்...

வாட்ச்மேன்: தெரியும். என்னிடம் இரண்டு கம்பளி இருக்கிறது, கொண்டு வருகிறேன். அப்புறம் தம்பி, பெரிய 'ற' ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

விருந்தாளி: அது எட்டு மணிக்கே காலி அண்ணா.

வாட்ச்மேன்: எலும்பாவது?

விருந்தாளி: பூனைக்குப் போட்டுவிட்டோம்.

வாட்ச்மேன்: எந்தப் பூனைக்கு, அந்த ஒல்லிப் பூனைக்கா?