தண்ணீர் தெளிவாக இருந்தால் போதுமா?

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கே, இன்னும் ஏன் மீன் விடல?" என் புது மீன் தொட்டியைப் பார்த்து இந்த வாரத்தில் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். நாலு பேருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். இனி முடியாது, இங்கேயே கொட்டிவிடுகிறேன்.

அமோனியாவுக்கு நிறம் கிடையாது. நைட்ரைட்டுக்கும் கிடையாது. மீனைக் கொல்லும் அளவுக்கு இரண்டும் கலந்திருக்கும் தண்ணீர் பளிங்கு மாதிரிதான் தெரியும். என் முதல் தொட்டி அப்படித்தான் இருந்தது. தொட்டி, ஃபில்டர், ஆறு மீன் எல்லாவற்றையும் ஒரே மாலையில் என் கையில் கொடுத்து, "குழாய்த் தண்ணிய ஒரு நாள் வச்சிருந்து விடுங்க, அவ்வளவுதான்" என்றார் விற்றவர். நம்பினேன். நாலாம் நாள் காலையில் விளக்கைப் போட்டால், ஆறும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கின்றன. செவுள் படபடவென்று அடிக்கிறது. ஒன்றின் செவுள் ஓரம் ரத்தம் கட்டினது போலச் சிவந்திருந்தது. பதறிப்போய் முழுத் தண்ணீரையும் மாற்றினேன், ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து கழுவினேன். அதாவது, அதில் அப்போதுதான் ஒட்ட ஆரம்பித்திருந்த கொஞ்சநஞ்ச நல்ல பாக்டீரியாவையும் குளோரின் தண்ணீரில் நானே கொன்றேன். வாரம் முடிவதற்குள் ஐந்து போய்விட்டன. போய்க் கேட்டதற்கு வந்த பதில்: "மீன்னா அப்படித்தாங்க, ரெண்டு போகும், ரெண்டு நிக்கும்." அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மீன் "போகவில்லை". தன் கழிவிலேயே மூச்சு முட்டிச் செத்தது. மீன் செவுள் வழியாகவே அமோனியாவை வெளியேற்றுகிறது. மிச்சமான தீனியும் அழுகின இலையும் அதோடு சேரும். பழகின தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீன் தாங்கும். செடி உறிஞ்சும், மீதி தண்ணீர் மாற்றும்போது போகும். புதுத் தொட்டியில் இந்த இரண்டு கூட்டமும் இல்லை. அமோனியா இறங்கிவிட்டதே என்று நிம்மதி அடையும் நேரத்தில்தான் நைட்ரைட் ஏறும். அது ரத்தத்துக்குள் போய் ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்யும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் மேலே வந்து தவிப்பது அதனால்தான்.

ஒரு நாள் வைத்த தண்ணீர் இதில் எதைச் சரிசெய்யும்? குளோரின் மட்டும் பறக்கும். குளோரினோடு அமோனியா சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீர் என்றால் அதுவும் லேசில் போகாது, அதை முறிக்கும் ஆன்டி-குளோரின் மருந்தை ஊற்றித்தான் ஆக வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகுமா? ஏன் ஒருவரும் சொல்வதில்லை?

மீன் இல்லாமலே தொட்டியைப் பழக்கலாம், அதாவது அந்த இரண்டு பாக்டீரியாவையும் முதலில் வளர்த்துக்கொள்ளலாம். அவற்றுக்கு உணவு அமோனியாதான். ஃபில்டரை இரவு பகல் ஓடவிட்டு, வாசனையோ சோப்போ கலக்காத அமோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்கு விட்டு, டெஸ்ட் கிட்டில் பார்த்துக்கொண்டே வர வேண்டும். விட்ட அமோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமானால் தொட்டி தயார். பொதுவாக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். நோயில்லாத பழைய தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் நாள் நன்றாகவே குறையும். அப்புறம் பாதிக்கு மேல் தண்ணீரை மாற்றி, நைட்ரேட்டைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மீன் விடலாம். பாட்டிலில் வரும் பாக்டீரியாவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஊற்றிய கையோடு, டெஸ்ட் பண்ணாமல், மீனை விடச் சொல்கிறார்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இன்னொரு கூட்டம், "செடி வச்சா சைக்கிளிங்கே (தொட்டியை இப்படிப் பழக்குவதே) தேவையில்லை" என்கிறது. பாதி உண்மை. ஹார்ன்வர்ட் மாதிரி வேகமாக வளரும் செடிகளை அடர்த்தியாக வைத்தால் அமோனியாவை நேரடியாகவே இழுத்துக்கொள்ளும். அது புது இடத்துக்குப் பழகி வளர ஆரம்பித்த பிறகு! நட்ட முதல் வாரங்களில் நடப்பது வேறு. நிறையச் செடிகள் பண்ணையில் தண்ணீருக்கு மேலே வளர்ந்து வருபவை. மூழ்கியதும் பழைய இலையை உதிர்த்துத்தான் புது இலை விடும். கிரிப்டோகொரைன் என்றால் கேட்கவே வேண்டாம், கூழாகக் கரையும். அந்தக் கூழும் அமோனியாதான். செடிக்கென்று விற்கும் சத்து மண்ணில் பலவும் முதல் சில வாரம் அமோனியாவைக் கசியவிடும். செடிக்கு அது உணவு, அதே நாளில் விட்ட மீனுக்கு எமன். கரைந்த இலையைக் கிள்ளி எடுத்துவிட்டு, விளக்கை 6 முதல் 8 மணி நேரத்தோடு நிறுத்திக்கொண்டால் வேர் தன் வேலையைப் பார்க்கும். கண்ணாடியில் பழுப்பாகப் படிவது டயட்டம் பாசி, தொட்டி பழகப் பழகத் தானாகக் குறையும். அதைக் கண்டு பயந்து எல்லாவற்றையும் பிடுங்கிக் கழுவாதீர்கள், தயவுசெய்து.

தண்ணீரின் அமில-காரத் தன்மையைச் சொல்லும் பி.எச். அளவு 7இல் இருந்து 8க்கு ஏறினால், அதே அளவு அமோனியாவில் நஞ்சான பங்கு கிட்டத்தட்டப் பத்து மடங்காகிறது. "எனக்கு ஒண்ணும் ஆகலையே" என்று இன்னொருவருக்கு யோசனை சொல்பவர்கள், அவர் வீட்டுத் தண்ணீரின் பி.எச். என்ன என்று ஒருமுறையாவது கேட்டிருப்பார்களா?

இன்று என் புதுத் தொட்டிக்கு 23ஆம் நாள். காலையில் சோதனைக் குழாயில் சொட்டு விட்டு ஐந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். அமோனியா மஞ்சள், அதாவது பூஜ்யம். நைட்ரைட் இன்னும் அடர் ஊதா. அது பூஜ்யத்தைக் காட்டும் வெளிர் நீலத்துக்கு வரும்வரை இந்தத் தொட்டியில் செடி மட்டும்தான் இருக்கும், யார் வந்து எத்தனை தடவை கேட்டாலும் சரி.