மெக்லாரன் எம்பி4/4 கார் 1988இல் தோல்வியே காணவில்லையா?

1988 ஃபார்முலா 1 பருவத்தின் 16 பந்தயங்களையும் மெக்லாரன் எம்பி4/4 கார் வென்றதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறு. ஹோண்டாவின் 1.5 லிட்டர் டர்போ வி6 இயந்திரத்துடன் ஓடிய அந்தக் கார் 15 பந்தயங்களில்தான் வென்றது. அவற்றில் எட்டு, மெக்லாரன் அணியின் ஓட்டுநர்களில் ஒருவரான அயர்டன் சென்னாவுக்கும், ஏழு மற்றொருவரான அலைன் புரோஸ்டுக்கும் உரியவை.

கைநழுவிய ஒன்று, செப்டம்பர் 11 அன்று மோன்சாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரி. புரோஸ்ட் இயந்திரக் கோளாறால் விலகிவிட, முன்னணியில் இருந்த சென்னா, பந்தயம் முடிய இரண்டு சுற்றுகளே எஞ்சியிருந்தபோது, ஒரு சுற்று பின்தங்கியிருந்த ழான் லூயி ஷ்லெஸ்ஸரின் வில்லியம்ஸ் காரை முதல் வளைவில் முந்த முயன்று மோதி நின்றார். ஃபெராரியின் கெர்ஹார்ட் பெர்கர் முதலிடமும் மிக்கேலே அல்போரெட்டோ இரண்டாமிடமும் பெற்றனர். நிறுவனர் என்ஸோ ஃபெராரி மறைந்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், அதுவும் இத்தாலிய மண்ணில் கிடைத்த வெற்றி அது. அதை அழித்துவிட்டு மெக்லாரனைப் புகழ்வது முறையன்று.

ஃபார்முலா 1 அதிகாரபூர்வ இணையதளத்தின் 1988 முடிவுகள் பக்கத்தில் இதைச் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை மேலும் பகிர வேண்டாம்.