ஈரக் கைக்கு யார் பொருள் செய்வது?

நேற்றுக் காலை ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் எங்கள் மண்டபம் ஊரில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பாறை மீனை அரிந்துகொண்டிருந்த அக்கா, அரிவாள்மனையை ஒரு காலால் அழுத்திப் பிடித்திருந்தார். இரண்டு கையும் செதிலும் ரத்தமும். எனக்கு முன்னால் வாங்கியவர் போனைத் தட்டிவிட்டு, "போட்டாச்சுக்கா" என்றார். அக்கா நிமிரவில்லை. குடைக் கம்பியில் பாலிதீன் கவருக்குள் முடிச்சுப் போட்டுத் தொங்கவிட்டிருந்த சவுண்ட் பாக்ஸ் என்கிற சின்னப் பெட்டி, நூற்று ஐம்பது ரூபாய் வந்துவிட்டதென்று தமிழில் சொன்னது. "சரிண்ணே, போயிட்டு வாங்க" என்றார் அக்கா. மனையில் கை நிற்கவே இல்லை.

எனக்கு அங்கேயே நின்று அந்தப் பெட்டியைக் கும்பிட வேண்டும் போலிருந்தது. இது வருவதற்கு முன்னால் இதே அக்கா என்ன பாடு பட்டார் என்று பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சேலை முந்தானையில் கையைத் துடைத்து, வெயிலில் கண்ணைச் சுருக்கி, நீட்டுகிறவர் போனைப் பார்க்க வேண்டும். பணம் வந்ததா, பழைய படத்தைக் காட்டுகிறாரா என்று தெரியாது. கேட்கவும் கூச்சம். சந்தை சத்தத்திலும் கேட்கிற குரல், தொட வேண்டியதே இல்லாத வேலை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் ஓடுகிற பேட்டரி. இதைச் செய்தவர், கை ஈரமாக இருக்கிற மனுஷியை ஒரு தடவையாவது மனதில் நினைத்திருக்கிறார்.

நான் இங்கே ஒரு நெட் சென்டர் வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், கேஒய்சி, டிக்கெட் எல்லாம். என் கடைக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கடலில் கை நனைக்கிறவர்கள். அதனால் எந்தப் பொருளைப் பார்த்தாலும் எனக்கு முதலில் வருகிற கேள்வி, இது ஈரக் கைக்கு ஆகுமா என்பதுதான்.

தொடுதிரை ஆகாது. நம் விரல் பட்ட இடத்தில் மின்புலம் மாறுவதை வைத்துத்தான் அந்தத் திரை வேலை செய்கிறது. உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். திரையில் நாலு சொட்டு விழுந்தால், பத்து விரல் பட்டதாக போன் நினைத்துக்கொள்கிறது. இல்லையென்றால் ஒன்றுமே படாதது போல உட்கார்ந்திருக்கிறது. வள்ளத்தில் போகிற எங்கள் ஊர்த் தம்பிகள் பலர் பெரிய போனை வீட்டில் வைத்துவிட்டு, பழைய பட்டன் போனை பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போகிறார்கள். பைக்கு மேலேயே அழுத்தினால் நம்பர் விழும். இருட்டிலும் ஐந்தாம் எண்ணின் மேல் இருக்கிற சின்னப் புடைப்பை விரல் கண்டுபிடித்துவிடும். அந்தப் புடைப்பை வைத்தவரை நான் மனதார மதிக்கிறேன்.

இனி வயிற்றெரிச்சலான விஷயம். ஆதாருக்கு வைக்கிற கைரேகை.

என் அம்மா பாசி எடுக்கப் போகிறவர். தீவு ஓரங்களில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பிய்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார். அதிலிருந்துதான் அகர் அகர் எடுக்கிறார்கள். பாறை அறுக்கும், சிப்பி கிழிக்கும். விடிகாலையில் திண்ணையில் உட்கார்ந்து பழைய சேலைத் துணியை விரல் அகலத்துக்குக் கிழிப்பார். விரல் நுனியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றில் பாதியை மூடுகிற மாதிரி சுற்றிக்கொண்டு வந்து, கடைசி முனையைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போடுவார். கடையில் விற்கிற கையுறை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். "கல்லு எது, பாசி எதுன்னு விரலுக்குத் தெரியலடி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். துணி நனைந்ததும் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஆனால் உணர்வை மறைக்காது. எத்தனையோ வருஷமாக இந்தப் பெண்கள் தாங்களே போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து, கண்டுபிடித்த முறை இது.

அப்படிச் சுற்றியும் முப்பது வருஷத்தில் அம்மாவின் விரல் ரேகை தேய்ந்துவிட்டது. வழவழவென்று இருக்கும். மெஷினில் வைத்தால் சிவப்பு விளக்கு. மறுபடியும் வைத்தால் மறுபடியும் சிவப்பு. என் கடையில் தினமும் இதுதான் காட்சி. வருகிறவர்களிடம், "தலையில கொஞ்சம் தடவிட்டு வைங்கம்மா" என்பேன். தலை எண்ணெய் பட்டால் காய்ந்த விரலில் சிலருக்கு ரேகை பிடிக்கும். பெருவிரல் இல்லையென்றால் ஆள்காட்டி, அதுவும் இல்லையென்றால் மோதிர விரல் என்று ஒவ்வொன்றாக வைத்துப் பார்ப்போம். பத்து விரலும் போனபின் அந்தப் பெண் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி முகம் சுருங்கும். எனக்குத் தாங்காது. "மெஷின் சரியில்லம்மா, உங்க கை நல்லாத்தான் இருக்கு" என்று சத்தமாகச் சொல்வேன். நான் அதை ஆறுதலுக்காகச் சொல்வதில்லை. உழைக்கிற கையைப் படிக்கத் தெரியாத மெஷின் சரியில்லாத மெஷின்தானே? கண்ணைப் படிக்கிற கருவி இருக்கிறது, ஓடிபி இருக்கிறது. அவற்றையும் பக்கத்தில் வைத்தால் தீர்ந்தது. ஒரு அலுவலகத்தில் அம்மாவை மூன்று நாள் அலையவிட்டார்கள். "ரேகை விழலன்னா நாங்க என்னம்மா செய்ய முடியும்" என்றார் உள்ளே இருந்தவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கையிலும் வேறு வழி எதையும் யாரும் கொடுத்திருக்கவில்லை.

பெயர்க் கட்டமும் இதே ரகம்தான். முதல் பெயர், நடுப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று கட்டம். கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டால் விண்ணப்பம் நகராது. தமிழ்நாட்டில் அப்பா பெயரின் முதல் எழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு ஒற்றைப் பெயரோடு வாழ்கிறவர்கள் எத்தனை கோடி! ஒரு இடத்தில் இனிஷியலை விரித்து அப்பா பெயராகப் போடுகிறோம், இன்னொரு இடத்தில் ஒற்றை எழுத்து, மூன்றாவதில் எழுத்து பின்னால் போய்விடுகிறது. கடைசியில் மூன்று அட்டையிலும் மூன்று ஆள். 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு வருகிற நிவாரணப் பணம், இந்த ஒரு புள்ளி பொருந்தாததால் நின்று போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். "முழுப் பெயர்" என்று ஒரே நீளமான கட்டம் வைத்திருந்தால் போதும். ஒரு கோடு குறைத்து வரைகிற வேலை அவ்வளவுதான்.

இதையெல்லாம் திட்டிக்கொண்டே வாழ்கிற ஊரில்தான் பாம்பன் பாலமும் இருக்கிறது. அதனால்தான் எனக்கு ஆதங்கம் இன்னும் கூடுகிறது. கடலையும் காற்றையும் உப்பையும் மதித்து ஒரு பொருளைச் செய்ய முடியும் என்பதற்கு நூறு வருஷத்துக்கு மேலான சாட்சி அது. 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தின் நடுவில், கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற மாதிரி இருந்த ஷெர்சர் தூக்குப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இறக்கை. ஒவ்வொன்றின் அடியும் வட்டத்தின் ஒரு பகுதி போல வளைந்திருக்கும். பின்னால் எடைக்கல் போல ஒரு பாரம். கப்பல் வந்தால் தொழிலாளர்கள் நின்று இரும்புக் கம்பிகளைத் தள்ளிச் சுற்றுவார்கள், இறக்கை அந்த வளைவின் மேல் உருண்டு பின்னால் சாய்ந்து எழும். மோட்டார் கிடையாது. மனிதக் கைதான். எங்கள் தாத்தா காலத்துக் கிணற்றுத் துலாவில் பின்பக்கம் கட்டிய கல், வாளியைத் தண்ணீரோடு மேலே தூக்கிவிடுமே, அந்தச் சூட்சுமம்தான் இங்கே இரும்பில் நின்றது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போயிற்று, ரயில் போயிற்று, பாலத்தின் கர்டர்கள் கடலில் விழுந்தன. அந்தத் தூக்குப் பகுதி மட்டும் நின்றது. மற்றதை ரயில்வே பொறியாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரி செய்தார்கள்.

2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி நேராக 17 மீட்டர் மேலே போகிறது. இதிலும் இரண்டு கோபுரத்திலும் எதிர்ப்பாரம் தொங்குகிறது, மோட்டாருக்கு வேலை குறைச்சல். ஆனால் என்னை அதிகம் தொட்டது வேறு. காங்கிரீட்டுக்குள்ளே துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டிருக்கிறார்கள், இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்திருக்கிறார்கள், உப்புக்காற்றுக்கென்றே தனிப் பூச்சு பூசியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஜன்னல் கொக்கி ரெண்டு வருஷம் தாங்காது. அதை அறிந்து செய்திருக்கிறார்கள்.

ஆனால் அதே உப்புக்காற்றில் பேருந்து நிறுத்தத்துக்கு சாதாரண இரும்பில் இருக்கை போடுகிறார்கள். ஆறே மாதத்தில் சேலையில் துரு. வேறு இடத்தில் பளபளவென்று எவர்சில்வர் இருக்கை. சித்திரை வெயிலில் பத்து மணிக்கு மேல் அதில் உட்கார ஆளில்லை, பக்கத்து வேப்பமரத்தடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கவுன்ட்டர் கண்ணாடியில் பேசுகிற ஓட்டை இடுப்பு உயரத்தில் இருக்கும், வயசாளிகள் குனிந்து குனிந்து பேசுவார்கள். கடைகளில் ஒட்டிய க்யூஆர் ஸ்டிக்கர் வெயிலில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும். இவையெல்லாம் சின்னதுதான். தினம் இருபது தடவை வருகிற சின்னது.

தனுஷ்கோடிப் பக்கம் போகிறவர்கள் அரிச்சல்முனையில் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று ஊற்றைப் பாருங்கள். இரண்டு பக்கமும் கடல். நடுவில் மணலைக் கையால் தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே நல்ல தண்ணீர் கசியும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, உப்பு நீரை விட எடை குறைவு என்பதால் அதன் மேலேயே மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு உப்பை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேலே இருக்கிற அந்த ஓர் அடியை அவசரமாக உறிஞ்சினால் கீழே இருக்கிற உப்பு ஏறி வந்துவிடும். அதனால் அங்கே ஒரு பெண் தண்ணீர் எடுப்பதைப் பார்த்தால் உங்களுக்குப் பொறுமை வரும். சிரட்டையைச் சாய்வாக வைத்து மேல் தண்ணீரை மட்டும் அள்ளுவார். மணல் கலங்காது. குடத்தில் ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார், மறுபடி ஊறும், மறுபடி அள்ளுவார். அந்த மண்ணுக்கு எவ்வளவு வேகம் தாங்குமோ அவ்வளவுதான் சிரட்டையும் எடுக்கிறது. மோட்டார் போட்டு இழுத்த எத்தனையோ கிணறுகள் கரையோரத்தில் கரித்துப் போய்க் கிடக்கின்றன.

ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தையும் சொல்ல வேண்டும். 1212 தூண்கள். எல்லோரும் நீளத்தையே பார்க்கிறார்கள், நான் திண்ணையைப் பார்ப்பேன். தூண்கள் தரையில் நிற்கவில்லை, இரண்டு பக்கமும் உயர்ந்த திண்ணையின் மேல் நிற்கின்றன. 22 தீர்த்தமும் ஆடிவிட்டுச் சொட்டச் சொட்ட நடக்கிற கூட்டம் நடுவழியில் போகிறது. அதன் ஈரம் தூணில் ஏறுவதில்லை, களைத்தவர்களுக்கு உட்கார இடமும் கிடைக்கிறது. கட்டியவர்கள் அதற்காகத்தான் செய்தார்களோ என்னவோ, சேதுபதி காலத்திலிருந்து இன்றுவரை அது உதவுகிறது. சாயல்குடிப் பக்கம் பதநீர் ஊற்றித் தருகிற ஓலைப்பட்டையும் அப்படித்தான். ஒரு குருத்தோலையை விரித்து, இரண்டு முனையையும் கூட்டி ஈர்க்கால் கட்டிவிடுவார்கள். சொட்டு ஒழுகாது. குடித்துவிட்டு வீசினால் ஆடு தின்றுவிடும்.

பெரிய கம்பெனிகளில் ஆப் செய்கிற, படிவம் வடிவமைக்கிற பிள்ளைகள் என் நண்பர் பட்டியலிலும் சிலர் இருக்கிறீர்கள். உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். அடுத்த முறை ஒரு பட்டனை வரையும்போது, கையை ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரில் முக்கிவிட்டு அதைத் தொட்டுப் பாருங்கள். ஏசி அறையை விட்டு வெளியே வந்து வெயிலில் நின்று திரையைப் படித்துப் பாருங்கள். முடிந்தால் என் கடைக்கு ஒரு நாள் வந்து உட்காருங்கள். டீ நான் வாங்கித் தருகிறேன்.

அம்மாவுக்குக் கடைசியில் ரேகை விழுந்தது. எப்படி என்று கேளுங்கள். போன சித்திரையில் காய்ச்சல் வந்து இருபது நாள் கடலுக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய் தடவித் தடவித் தோல் கொஞ்சம் தேறியிருந்தது. "இப்ப வச்சுப் பாப்போம் வாம்மா" என்று கூட்டிவந்து மெஷினில் வைத்தேன். முதல் தடவையிலேயே பச்சை விளக்கு. இருபது நாள் கூலியை விட்டபிறகுதான் அந்த மெஷின் அவரை அவர்தான் என்று ஒத்துக்கொண்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. விரலைப் பார்த்து, "ரேகை இருக்கத்தான் செய்யுது" என்றார். அந்த வாரமே திண்ணையில் உட்கார்ந்து துணி கிழித்துக்கொண்டிருந்தார்.